கிளட்ச் போச்சு ஸார்!

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயசு இருபத்தெட்டு, சாஃப்ட்வேர் உத்தியோகம். பெயரைப் போடாதீர்கள், ஆபீஸில் ஓட்டுவார்கள் என்கிறார். 'வண்டிதான் ஓட மாட்டேன்கிறது, நானாவது ஓடாமல் இருக்கிறேன்' என்று பின்குறிப்பு வேறு. தேறக்கூடிய ஆசாமி.

சமாசாரம் இதுதான். டிராவல்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏழு ஸீட் டீசல் வண்டி ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கியிருக்கிறார். மஞ்சள் போர்டு வெள்ளை போர்டாக ஞானஸ்நானம் பெற்ற வண்டி. மீட்டரில் 1,40,000 கிலோமீட்டர். அடுத்த மாதம் குன்னூரில் தங்கைக்கு நிச்சயதார்த்தம். 'டாக்ஸியெல்லாம் எதுக்குப்பா, நம்ம வண்டியிலேயே போயிடலாம்' என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஏழு ஸீட்டில் பாட்டி உள்பட ஏழு பேர், மடியில் ரெண்டு பொடிசுகள், தட்டு, பழம், பட்டுப்புடவைப் பெட்டி. வண்டியோ கத்திப்பாரா மேம்பாலத்திலேயே மூச்சு வாங்குகிறது.

முதல் மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. ''கிளட்ச் போச்சு ஸார். கியர் பாக்ஸை இறக்கணும்'' என்றாராம். இரண்டாமவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ''கிளட்ச் ஜம்முனு இருக்கு தம்பி, எவன் சொன்னான்?'' என்றாராம். இரண்டு வாக்குமூலம், ஒரே ஒரு பர்ஸ். அதிலும் ஈ.எம்.ஐ. போக மிச்சம் இருப்பதுதான். 'யாரை நம்புவது?' என்று கேட்டிருக்கிறார்.

ரெண்டு பேரையுமே தாற்காலிகமாக நம்ப வேண்டாம். டாஷ்போர்டில் ஸ்பீடா மீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு முள் இருக்கிறதே, எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது, அதை நம்பலாம். முள் கமிஷன் வாங்காது.

முள்ளுக்கு வருமுன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கிளட்ச் ஒரு கல்யாணத் தரகர். எஞ்சின் வீட்டார் சதா சுற்றிக்கொண்டே இருப்பவர்கள். சக்கரத்து வீட்டார் நின்றுகொண்டிருப்பவர்கள். நேரடியாக முடிச்சுப் போட்டால் ஒரே குலுக்கலில் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே நடுவில் தரகர். ஃப்ளைவீல் என்று ஒரு கனத்த இரும்புத் தட்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. அதோடு பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவில் சாண்ட்விச் போல ஒரு வட்டத் தகடு. அதன் இருபுறமும் உராயும் சரக்கு ஒட்டி, ரிவெட் அடித்திருக்கும். இதுதான் கிளட்ச் பிளேட். கியர் பாக்ஸின் தண்டு இதன் நடுவில் சொருகியிருக்கிறது. பெடலை விட்டால் ஸ்பிரிங் அமுக்கி மூன்றும் ஒன்றாகச் சுற்றும். மிதித்தால் ரிலீஸ் பேரிங் வந்து ஸ்பிரிங்கைத் தள்ள, பிடி விடும்.

தாலி கட்டி முடிந்ததும் தரகர் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். போகாமல் முதலிரவு அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதற்குப் பெயர்தான் ஆஃப் கிளட்ச். பெடல் பாதி, பிடிப்பு பாதி, தேய்மானம் முழுசு.

எவ்வளவு தேயலாம்? புது பிளேட்டின் மொத்தக் கனமே ஏழெட்டு மில்லிமீட்டர்தான். அதில் ரிவெட்டின் தலை வெளியே தெரியும்வரை போக விடக் கூடாது. சின்னக் கார்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் செலவழிக்க அனுமதி. உங்கள் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். ஆக, உங்கள் கிளட்ச்சின் மொத்த ஆயுசு பக்கத்துக்கு ஒன்றரை ஏ.டி.எம். கார்டு. அதைத் தாண்டினால் ரிவெட் ஃப்ளைவீலை உழ ஆரம்பிக்கும். செலவு இரட்டிப்பு.

இந்த ஒன்றரைக் கார்டை ஒருவர் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிச் செலவழிக்கிறார். இன்னொருவர் முப்பதாயிரத்தில் முடித்துவிட்டு, கம்பெனியைத் திட்டுகிறார். ஒரே மாடல், ஒரே வருஷம். இடது கால்தான் வேறு. அதனால்தான் 1,40,000 கிலோமீட்டர் என்ற எண்ணை வைத்துக்கொண்டு கிளட்ச்சுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. அந்தக் கிலோமீட்டர் எங்கே ஓடியது, எவ்வளவு பாரத்தோடு ஓடியது என்பதுதான் ஜாதகம். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் டாப் கியரில் ஓடிய லட்சம் வேறு. அங்கே கிளட்ச் சாவகாசமாகத் தூங்கிக்கொண்டு வரும். ஓ.எம்.ஆரில் காலை எட்டரை மணிக்கு ஐ.டி. பார்க் ஸ்டாஃபை ஏற்றிக்கொண்டு, சிக்னலுக்கு சிக்னல் பத்தடி பத்தடியாக நகர்ந்த லட்சம் வேறு.

இதில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களும் சாமானும் சேர்த்து இரண்டு டன் வண்டி. பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவில், முன்னால் டிராஃபிக் ஜாம். நீங்கள் ஹேண்ட் பிரேக் போடவில்லை. எஞ்சினை 1500 சுற்றில் வைத்து, ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைப் பின்னால் நழுவாமல் நிறுத்திவைத்திருக்கிறீர்கள். நண்பர்கள் 'என்ன கண்ட்ரோல்டா மச்சான்!' என்கிறார்கள். அந்த கண்ட்ரோலுக்காக கிளட்ச்சில் உத்தேசமாக ஆறு கிலோவாட் வெப்பம் கிளம்புகிறது. பாத்ரூம் கீஸர் மூன்றை ஒரு டிபன் தட்டு அளவுத் தகட்டில் போட்டுவிட்ட மாதிரி. அரை நிமிஷம் இப்படி நின்றால், சமதரையில் பதினேழு பதினெட்டுத் தடவை வண்டியைக் கிளப்பியதற்குச் சமம். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதை கவனியுங்கள்.

சரி, பரிசோதனை. முதலில் காசில்லாத, ஆபத்தில்லாத ஒன்று. வண்டியைச் சமதரையில், முன்னால் யாரும் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போடுங்கள். வலது கால் பிரேக் மேல் அழுத்தமாக. எஞ்சின் சும்மா ஓடட்டும். மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். எஞ்சின் ஒரு உதறு உதறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் நிச்சயம் காலி. முதல் மெக்கானிக்குக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிவிட்டுப் பணத்தை எடுத்து வையுங்கள்.

ஆனால் எஞ்சின் நின்றுவிட்டது என்பதாலேயே, 'ஆஹா, கிளட்ச் பாஸ்!' என்று துள்ளக் கூடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். சும்மா ஓடும் எஞ்சினிடம் பலம் ரொம்பக் குறைவு. குழந்தையைக் கட்டிப் பிடிக்க முடிகிறவரால் பயில்வானைப் பிடிக்க முடியும் என்று அர்த்தமில்லை. இந்தப் பரிட்சையில் ஃபெயிலானால் ஃபெயில். பாஸானால் அடுத்த வகுப்புக்கு அனுமதி, அவ்வளவுதான். செகண்ட் ஹாண்ட் வண்டி விற்கிற சில பேர் இதை மட்டும் செய்து காட்டிவிட்டு, 'பாத்துக்கங்க ஸார், கல்லு மாதிரி பிடிக்குது' என்பார்கள். தலையை ஆட்டிவிட்டு, 'ஒரு ரவுண்டு போலாமா?' என்று கேளுங்கள்.

அந்த ரவுண்டுதான் உண்மையான பரிட்சை. காலியான, நேரான ரோடு. லேசான ஏற்றமாக இருந்தால் உத்தமம். வண்டியில் நாலைந்து பேரை ஏற்றிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் நண்பர்கள் என்று ஒரு வர்க்கம் இருக்கிறது. நாலாவது கியரில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாகப் போய், ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். கண் ரோட்டில் இருக்கட்டும். முள்ளைப் பார்க்க பக்கத்தில் ஒருவரை நியமித்துக்கொள்ளுங்கள். ஆர்.பி.எம். முள்ளும் ஸ்பீடா மீட்டர் முள்ளும் கைகோத்துக்கொண்டு சேர்ந்து ஏற வேண்டும். நாலாவது கியரில் இன்ன வேகத்துக்கு இன்ன சுற்று என்பது பல்சக்கரம் போட்ட நிரந்தர ஒப்பந்தம். கிளட்ச் வழுக்கினால் ஒழிய அது மாறவே மாறாது. எஞ்சின் முள் மட்டும் 'விர்ர்' என்று எகிறி, வேகம் ஐம்பதிலேயே குந்தியிருந்தால் ஸ்லிப். சந்தேகமே வேண்டாம். டர்போ டீசல்களில் இது பெரும்பாலும் 2000 சுற்றை ஒட்டி, டர்போ விழித்துக்கொண்டு எஞ்சினுக்கு முழு இழுவை வருகிற இடத்தில் தலைகாட்டும். முள் இல்லாத பழைய வண்டியா? காது போதும். சத்தம் எண்பதில் போகும், வண்டி ஐம்பதில் போகும்.

முதல் கியரில் இதைச் செய்து பார்ப்பது வீண். முதல் கியரில் வண்டி பிடித்துத் தள்ளியதும் ஓடிவிடும். கிளட்ச்சின் மேல் முழு பாரமும் நின்று உட்கார அவகாசம் இல்லை. மேல் கியரில்தான் எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்க, வண்டி வர மாட்டேன் என்று அடம்பிடிக்க, நடுவில் மாட்டிக்கொண்ட தரகரின் குட்டு வெளிப்படும். அதனால்தான் தேய்ந்த கிளட்ச் முதலில் மேல் கியரில், ஏற்றத்தில், ஆட்களோடு போகும்போதுதான் அகப்படும். காலி வண்டியில், சமதரையில், தனியாக ஆபீஸுக்குப் போகிற நாட்களில் உத்தமன் மாதிரி நடிக்கும். கூடவே, சூடானால் பிடிப்பு இன்னும் குறையும். காலையில் பாஸான கிளட்ச் கல்லாறு தாண்டியதும் ஃபெயிலாவதன் ரகசியம் இதுதான்.

ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை செய்து பாருங்கள். சந்தோஷத்தில் பத்துத் தடவை செய்தால், நல்ல கிளட்ச்சையும் நீங்களே கொன்றுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

இனி பெடல் சொல்லும் சேதி. மாருதி 800 மாதிரி ஒயர் வைத்த வண்டிகளில் (2014-ல் உற்பத்தியே நின்றுவிட்டது, ஆனாலும் ரோட்டில் பார்க்கிறோம்) பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எதிர்ப்பே இல்லாமல் லொடலொடவென்று போக வேண்டும். இதற்கு ஃப்ரீ ப்ளே என்று பெயர். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அப்படியே விட்டால் ஒருநாள் பூஜ்யமாகி, நீங்கள் காலை எடுத்த பிறகும் பேரிங் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டே இருக்கும். கிளட்ச் வழுக்கும். பிளேட்டில் இன்னும் சரக்கு பாக்கி இருந்தாலும் வழுக்கும்! மருந்து, ஒயர் முனையில் இருக்கும் நட்டை நாலு திருகு திருகுவது. ஐந்து நிமிஷ வேலை. இதைப் பார்க்காமலே கியர் பாக்ஸை இறக்குகிறவர்கள் உண்டு. ஆகவே ஒயர் வண்டி என்றால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ''ஃப்ரீ ப்ளே பார்த்தீங்களாண்ணே?'' இந்தக் கேள்வியைக் கேட்டதுமே உங்கள் மேல் ஒரு மரியாதை வருவதை நேரிலேயே காணலாம்.

ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச்சில் இந்த வித்தை எடுபடாது. தேய்மானத்தை அது தானாகவே சரிக்கட்டிக்கொள்ளும். அங்கே வேறொரு அடையாளம்: பெடல் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகும். தினம் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. ஒரு மாதம் கழித்து ஊரிலிருந்து வரும் மச்சான் ஓட்டிப் பார்த்து, 'என்ன மாமா, கிளட்ச்சா இது, ஜிம்மா?' என்பான். மச்சான் சொல்வதையும் சில சமயம் கேட்க வேண்டும்.

வாசனை. பேப்பரும் முடியும் சேர்ந்து கருகின மாதிரி ஒரு நெடி. ஒருமுறை முகர்ந்தால் ஆயுசுக்கும் மறக்காது. பிரேக்குக்கும் ஏறக்குறைய இதே நெடிதான் என்பதால் ஒரு குறுக்கு வழி: ஏறும்போது நாறினால் பெரும்பாலும் கிளட்ச், இறங்கும்போது நாறினால் பெரும்பாலும் பிரேக். சமதரையில் ஒரு சக்கரத்தருகே மட்டும் சூடும் நாற்றமும் இருந்தால் அந்த பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலையில் ஒரே ஒரு முறை நாறினதற்காகக் கிளட்ச்சுக்குக் கருமாதி செய்துவிட வேண்டாம். பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டால் பல சமயம் பிழைத்துக்கொள்ளும். ஆறின பிறகும் முள் எகிறினால்தான் விபரீதம்.

சில கோளாறுகள் கிளட்ச் தேய்மானம் என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும். கியர் விழவில்லை, ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிக்கிறது என்றால், அது நேர்மாறான வியாதி. தேய்ந்த கிளட்ச் பிடிக்காது. இது விட மாட்டேன் என்கிறது. கிளட்ச்சை முழுக்க மிதித்து, மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கர்ர் என்றால் ஹைட்ராலிக்கில் காற்று புகுந்திருக்கலாம், கீழே சிலிண்டரில் ஆயில் கசியலாம், ஒயர் நீண்டிருக்கலாம். பிளேட் வளைந்திருந்தாலும் இப்படி ஆகும். ஆனால் அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். முதலில் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல வண்டிகளில் கிளட்ச்சுக்கும் அதே டப்பாதான்.

சத்தத்துக்கு ஒரே விதி. பெடலை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் போனால் ரிலீஸ் பேரிங். விட்டிருக்கும்போது சத்தம் வந்து, மிதித்தால் நின்றால் கியர் பாக்ஸ் தண்டின் பேரிங். இரண்டாவதற்கு கிளட்ச் செட்டை மாற்றினால் சத்தம் அப்படியே இருக்கும், பணம் மட்டும் இருக்காது. கிளப்பும்போது வண்டி மலேரியா வந்தாற்போல உதறுகிறதா? பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம், ஃப்ளைவீல் சூட்டில் திட்டுத் திட்டாக வெந்திருக்கலாம், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் போயிருக்கலாம். ஆயில் என்றால் எங்கேயோ சீல் ஒழுகுகிறது. அதை அடைக்காமல் போடும் புது பிளேட்டுக்கு அன்றைக்கே நாள் குறித்தாயிற்று.

வேளச்சேரிக்காரர் கடிதத்துக்கு வருகிறேன். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறார், அதன் மதிப்பு தெரியாமலே: 'ஏற்றத்தில் எவ்வளவு மிதித்தாலும் ஆர்.பி.எம். 1800-க்கு மேல் ஏறவே மாட்டேன்கிறது, பின்னால் கரும்புகை.'

நண்பரே, கிளட்ச் வழுக்கினால் முள் எகிறும். உங்கள் முள்ளோ எழுந்திருக்கவே மறுக்கிறது. கிளட்ச் பாவம், கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராகத்தான் இருக்கிறது. எஞ்சின்தான் கொடுக்கவில்லை. டீசல் வண்டி, கரும்புகை, இழுவை இல்லை என்றால், எரிகிற டீசலுக்குக் காற்று போதவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா, கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். இதற்கெல்லாம் கியர் பாக்ஸை இறக்க வேண்டாம், பானெட்டைத் திறந்தால் போதும். முதல் மெக்கானிக் செய்யத் தவறிய காரியம் அது ஒன்றுதான்.

எஞ்சின் கோளாறு சரியானதும் நான் சொன்ன நாலாவது கியர் பரிட்சையை அவசியம் செய்யுங்கள். எஞ்சினுக்குப் பழைய பலம் திரும்பும்போதுதான் கிளட்ச்சின் யோக்கியதை தெரியும். இத்தனை நாளாகப் பலவீனமான எஞ்சின் ஒரு தேய்ந்த கிளட்ச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கலாம். டிராவல்ஸில் எத்தனை டிரைவர் கால் பட்ட பெடலோ! ஜாதகம் தெரியாத வண்டி அது.

ஃபெயிலானால், வாக்குக் கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும், குன்னூருக்கு அந்த வண்டியில் போகாதீர்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 325 மீட்டர், குன்னூர் 1,850 சொச்சம். ஒன்றரை கிலோமீட்டர் உயரம், நடுவில் 14 கொண்டை ஊசி வளைவு. வழுக்கும் கிளட்ச் சென்னையில் ஒரு மாதம் தாங்கலாம். அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். வளைவில் வண்டி நின்றால், பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் இருபது கார், வண்டிக்குள்ளே பாட்டி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி நம்பர் கேட்டார்கள், எத்தனை பேர் என்று கேட்டார்கள். கிளட்ச் எப்படி என்று கேட்கவில்லை. அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாஸானால், தாராளமாகப் போய் வாருங்கள். மலை டாக்ஸி ஓட்டுகிறவர்களின் இடது காலைக் கவனித்துப் பாருங்கள். கியர் மாற்றிய மறு நொடி கால் பெடலை விட்டுத் தரைக்குப் போய்விடும். நம்மவர்கள் பலர் பெடலைக் கால் வைக்கும் மணையாக உபயோகிக்கிறார்கள். காலின் கனமே பேரிங்கை அமுக்கப் போதும். ஏற்றத்தில் ஜாம் என்றால் ஹேண்ட் பிரேக், நியூட்ரல், கால் தரையில். முன் வண்டி ரெண்டடி நகர்ந்ததும் ரெண்டடி நகராமல், இருபதடி சேர்ந்ததும் ஒரேயடியாக நகர்வார்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அவர் கிளட்ச் தேய்வதைப் பற்றி நமக்கென்ன?

இன்னொன்று. மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். மரியாதைக்குச் சொல்லவில்லை, சாலை விதியே அதுதான். ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளப்புவதுதான் கிளட்ச்சுக்கும் டிரைவருக்கும் கஷ்டம். ஏறும்போது இந்த விதி ஞாபகமிருக்கிறவர்களுக்கு இறங்கும்போதும் ஞாபகமிருந்தால் தேவலை. இறங்கும்போது கிளட்ச்சை மிதித்துக்கொண்டோ, டீசல் மிச்சம் என்று நியூட்ரலிலோ இறக்காதீர்கள். எஞ்சினின் பிடி விட்டுப்போய் முழு பாரமும் பிரேக் தலையில் விழும். இரண்டாவது கியரில் ஏறினீர்களா, இரண்டாவதிலேயே இறங்குங்கள்.

கிளட்ச் நிஜமாகவே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுவதுதான் லாபம். 'பிளேட்டை மட்டும் மாத்தினா போதும் ஸார், மிச்சம் பண்ணலாம்' என்ற கரிசனத்துக்கு மயங்க வேண்டாம். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றுகிற கூலி ஒன்றுதான். ஆறு மாதத்தில் பேரிங் கத்தினால் அதே கூலி மறுபடி. இறக்கியிருக்கும்போதே ஃப்ளைவீலில் நீலத் திட்டு, விரிசல் இருக்கிறதா, சீல் ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்ற வஸ்து உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அதையும் மாற்ற நேர்ந்தால் பில் எங்கேயோ போய்விடும். இன்ஷூரன்ஸ்காரரிடம் போகாதீர்கள். தேய்மானம் அவர் கணக்கில் வராது.

பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை மேலே வந்து பளபளக்கிறதா, கறுத்து வெந்திருக்கிறதா, எண்ணெய் மினுக்குகிறதா, எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும். ரிவெட் நல்ல பள்ளத்தில் இருந்து, எண்ணெயும் இல்லாமல், கருகலும் இல்லாமல் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் இறக்கும்போதே பக்கத்தில் இருங்கள். பழைய பிளேட் சாயங்காலத்துக்குள் காணாமல் போகிற ஜாதி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஏ.எம்.டி. வண்டி வாங்கியவர்கள் ஒரு புன்னகையோடு இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பெடல்தான் இல்லையே தவிர உள்ளே அதே பிளேட், அதே தரகர்தான். மிதிக்கிற வேலையை மோட்டார் செய்கிறது. மேம்பாலத்து ஏற்றத்தில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டே வண்டியை நிறுத்தி வைத்தால், உள்ளே ஆஃப் கிளட்ச், மூன்று கீஸர், எல்லாம் நடந்துகொண்டிருக்கும். பெடல் கனப்பது, ஃப்ரீ ப்ளே போன்ற துப்பு எதுவும் உங்களுக்குக் கிடைக்காது. முள்ளும் மூக்கும்தான் கதி. சில மாடல்களில் கிளட்ச் சூடானால் டாஷ்போர்டில் எச்சரிக்கை வரும். வந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு ஒரு டீ சாப்பிடுங்கள்.